நாமஞ்சூர்க்காரர்களின் கல்யாணச் சோறு

போன வாரம் நாங்கள் புனேயில் ஔந்த் பகுதி வீட்டுக்குக் குடிவந்த கதையை எழுதியபோது, "அந்த மாடியில்தான் ராக் பாட்டு பாடிப் பழகினேன்" என்று ஒரு வரி எழுதிவிட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குத் தாவிவிட்டேன். ஒரு வாசகி பிடித்துக்கொண்டார். "தண்ணீர்த் தொட்டி யாருக்கு வேண்டும்? ராக் பாட்டு என்னவாயிற்று?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கோபம். இந்த வாரம் முழுக்க அதுதான்.

கண்ணை மூடினால் எனக்கு முதலில் தெரிவது ஒரு தேங்காய்.

எங்கள் கல்லூரியின் ஆண்டு விழா. புனேயில் அதற்குக் 'கேதரிங்' என்று பெயர். முதல் வரிசை நடு சோபாவில், கல்லூரியை நடத்தும் டிரஸ்டின் சேர்மன் உட்கார்ந்திருக்கிறார். தோளில் சற்றுமுன் போர்த்திய சால்வை, மடியில் மரியாதைக்குக் கொடுத்த தேங்காய். மேடையில் நான் மைக்கை விழுங்கிவிடுவதுபோலப் பிடித்துக்கொண்டு, "கல்யாணச் சோறு! கல்யாணச் சோறு!" என்று தொண்டை கிழியக் கத்துகிறேன்.

முதலில் கடைசி வரிசைப் பையன்கள் எழுந்தார்கள். பிறகு நடு வரிசைப் பெண்கள். அப்புறம் யார் எழுந்தார்கள், யார் உட்கார்ந்திருந்தார்கள் என்றே தெரியவில்லை. என் வரியின் வாலை மட்டும் பிடித்துக்கொண்டு அரங்கம் முழுவதும் கத்தியது: "ச்சோர்! ச்சோர்! ச்சோர்!"

மராத்தியிலும் இந்தியிலும் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் திருடன்.

சேர்மன் தேங்காயை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு பின்னால் திரும்பிப் பார்த்தார். எனக்குப் புல்லரித்தது.  இருபது வயதில் அப்படி ஒரு சத்தத்தைக் கிளப்பிவிட்ட பிறகு வாழ்க்கையில் வேறு எதற்கும் அவ்வளவு சுலபமாகப் பரவசப்பட முடிவதில்லை.

மஞ்சூர்

அதற்கு முந்தைய வருடம் ஒரு கல்லூரி நாடகத்தில் யாரோ எதையோ சொல்லப்போய், வெளியாட்கள் வந்து நாற்காலிகளை உடைத்துவிட்டுப் போனார்கள். உடைத்தவர்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேள்வியெல்லாம் எங்களுக்குத்தான். இனிமேல் மேடையேறும் ஒவ்வொரு வார்த்தையையும் முன்கூட்டியே எழுதித் தரவேண்டும் என்று உத்தரவு வந்தது. வைஸ் பிரின்சிபால் படித்துப் பார்த்து, பிடிக்காததைச் சிவப்பில் அடித்து, மிச்சத்தின் மேல் 'மஞ்சூர்' என்று முத்திரை குத்துவார். மஞ்சூர் என்றால் சம்மதம், அனுமதி.

அவரை நாங்கள் வைஸ் சார் என்போம். கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர். பயந்தவர் கையில் சிவப்புப் பேனா கிடைத்தால் என்ன ஆகும் என்பதை அவரிடம்தான் பார்த்தேன்.

எங்கள் குழுவில் மூன்று பேர். டிரம்ஸ் ஓம்கார், கிட்டார் ரேணு, பாட்டு நான். எங்கள் முதல் பாட்டு முழுசாகச் சிவப்பாகித் திரும்பி வந்த அன்றே குழுவுக்குப் பெயர் வைத்துவிட்டோம். நாமஞ்சூர். அனுமதி இல்லாதது.

வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் பெயரைச் சொன்னேன். அப்பா சாம்பாரைக் கலந்துகொண்டே யோசித்தார்.

"அது எந்த ஜில்லா மக்களே? நம்ம நாரோல் பக்கம் அப்படி ஒரு ஊரு இல்லியே. தஞ்சாவூர் பக்கமா?"

அப்பாவுக்கு நாகர்கோவில் பக்கம். நாகர்கோவிலை நாரோல் என்றும், மகளான என்னை மக்களே என்றும்தான் சொல்வார். புனேயில் கால் நூற்றாண்டு மத்திய சர்க்கார் உத்தியோகம் பார்த்த பிறகும், 'ஊர்' என்று ஏதாவது முடிந்தால் அதற்கு ஒரு பஸ் போகும் என்று நம்புகிறவர். நானும் அம்மாவும் சிரித்த சிரிப்பில் அம்மாவுக்குப் புரையேறிவிட்டது.

அப்பாவைப் பற்றி இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அவர் பொய் சொல்ல மாட்டார். ஆனால் உண்மையையும் சுலபத்தில் சொல்ல மாட்டார். ஆபீசில் ஒரு மேலதிகாரி செய்கிற காரியங்களைப் பற்றிப் பேச்சை எடுப்பார். "அவன் இருக்கானே, அவன் ஒரு..." என்று ஆரம்பிப்பார். அம்மா நிமிர்ந்து பார்ப்பாள். "செரி, நமக்கென்ன. மோர் ஊத்து" என்று முடித்துவிடுவார். எங்கள் வீட்டில் சிவப்புப் பேனா அம்மாவின் கண்ணில் இருந்தது.

விசில்

எங்களுக்கு அப்படி என்ன சொல்ல வேண்டியிருந்தது? பெரிய புரட்சியெல்லாம் இல்லை. எங்கள் கல்லூரி மைதானம் போய்விட்டது, அவ்வளவுதான். ஒரு நாள் கிரிக்கெட் ஆடப் போனால் பந்தல் போட்டிருந்தார்கள். அடுத்த வாரமும் போட்டிருந்தார்கள். டிரஸ்ட் மைதானத்தைக் கல்யாணங்களுக்கு விடுகிறது என்றும், பந்தல்காரர் சேர்மனுக்கு மச்சான் என்றும் கேன்டீனில் பேசிக்கொண்டார்கள். முகூர்த்த நாட்களில் வகுப்பறைக்குள் மராத்திக்காரர்களின் விருந்துச் சாதமான மசாலா பாத் வாசனை வரும். பசிக்கிற வயது. அந்த வாசனையில் உட்கார்ந்து புள்ளியியல் படித்தவர்களுக்குத்தான் எங்கள் கோபம் புரியும்.

"மைதானம் எங்கே சார்?" என்பதுதான் எங்கள் முதல் பாட்டு. மறுபடி மறுபடி கொண்டுபோய்க் கொடுத்தோம். வைஸ் சார் ஒவ்வொரு முறையும் 'மைதானம்' என்பதை அடித்தார். 'பந்தல்' என்பதை அடித்தார். 'மச்சான்' என்பதை அழுத்தமாக அடித்தார். கடைசியில் 'எங்கே'யையும் அடித்துவிட்டு, "இப்போது பாடுங்கள்" என்றார். 'சார்' மட்டும் மிஞ்சியிருந்தது.

ஓம்காரின் அப்பாவுக்குப் புனேக்கு வெளியே சாகணில் ஒரு உதிரிபாக ஷெட் உண்டு. கார் கம்பெனிகள் வரிசையாக வந்துகொண்டிருந்த காலம் அது. சாகண் ரோட்டில் ஸ்கூட்டரில் போனால் பாதித் தூசியை நாம் சாப்பிட்டுவிடலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஷெட்தான் எங்கள் இடம். பழைய சைலன்சர் குழாய்களைக் கயிற்றில் தொங்கவிட்டு ஓம்கார் அடிப்பான். ரேணு கிட்டார் கம்பியில் ஸ்பூனை நுழைத்து வாசிப்பாள். பல் கூசும். ஆனால் நிறுத்தச் சொல்லத் தோன்றாது.

அங்கே டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸர் ஒன்று இருந்தது. ஓம்கார் அதன் குழாயை ஒரு பிரஷர் குக்கரில் மாட்டினான். வால்வைத் திறந்தால் வேண்டிய நேரத்தில் வேண்டிய நீளத்துக்கு விசில்! எனக்கு அந்த நிமிடம் புரிந்துவிட்டது. அடித்த வார்த்தை வருகிற இடத்திலெல்லாம் விசில்.

குக்கர் அம்மாவுடையது. "பருப்ப எதுல வேகவைக்க? ஒன் தலையிலயா?" என்று கேட்டாள். பிறகு அவளே புது கேஸ்கட் போட்டுக் கொடுத்தாள்.

டிபார்ட்மென்ட் விழாவில் பாடினோம். "உஷ்ஷ்ஷ்... உஷ்ஷ்ஷ்... சார்?" முதல் தடவை எல்லோரும் முழித்தார்கள். இரண்டாவது தடவை ஒரு பெண் விசிலுக்கு நடுவே "மைதானம்!" என்றாள். மூன்றாவது தடவை அத்தனை பேரும் நிரப்பினார்கள். நாங்கள் எழுதாத வார்த்தைகளை எல்லாம் நிரப்பினார்கள். நாங்கள் எழுதியதைவிட அவை நன்றாக இருந்தன!

மறுநாள் நோட்டீஸ் போர்டில் ஓர் அறிவிப்பு. மேடையில் குக்கரும் இதர சமையல் பாத்திரங்களும் தடைசெய்யப்படுகின்றன. ஒரு கல்லூரி பிரஷர் குக்கருக்குப் பயந்ததை அன்றுதான் பார்த்தேன்.

டிபன் பாக்ஸ்

கேதரிங் நெருங்கிக்கொண்டிருந்தது. மராத்தியில் எழுதினால் அடிப்பார். இந்தியில் எழுதினால் அடிப்பார். ஆங்கிலம் என்றால் அகராதி வைத்துக்கொண்டு அடிப்பார். விசிலும் போயிற்று. சாகண் ஷெட்டில் மூன்று பேரும் உம்மென்று உட்கார்ந்திருந்தோம்.

மத்தியானம் பசித்தது. பையைத் திறந்தால் என் டிபன் பாக்ஸ் இல்லை. நான் எனக்குள் பேசுவதுபோல, எங்கள் வீட்டு உச்சரிப்பில், "எனக்க சோறு எங்க?" என்று முனகினேன். எங்கள் பக்கம் சோற்றை 'ஸோறு' என்று மென்மையாகச் சொல்ல மாட்டோம். பல்லில் தட்டி, 'ச்சோறு' என்போம்.

டயர் குவியலுக்குப் பின்னாலிருந்து ஓம்கார் வாயை நிறைத்துக்கொண்டு எழுந்தான்.

"அரே, யாரைத் திருடன்னு சொல்றே? ஒரு வாய்தானே எடுத்தேன்!"

ரேணு என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். ஓம்கார் புளிசாதத்தை விழுங்கக்கூட மறந்துவிட்டான். அப்புறம் நாங்கள் போட்ட கூச்சலில் பக்கத்து ஷெட் காவல்காரர் ஓடி வந்தார்.

அன்று மாலைக்குள் பாட்டு தயார். எனக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. புனேயில் வளர்ந்த எங்கள் தலைமுறையின் லட்சணம் அது. அதனால் தமிழ்ப் பாட்டை மராத்தி எழுத்தில் எழுதினேன். கல்யாணப் பந்தல், வாசனை, வெளியே பசியோடு நிற்கிற எங்களுக்கு எங்கே பங்கு என்று கேட்டு, 'கல்யாணச் சோறு' என்று முடிகிற பல்லவி.

வைஸ் சார் படித்தார். அர்த்தம் கேட்டார். சொன்னேன். ஒரு வார்த்தைகூட மாற்றாமல் சொன்னேன். கல்யாண வீட்டுச் சாப்பாடு, சார்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "கிராமியப் பாட்டா? தென்னிந்தியாவா? ரொம்ப நல்லது. தேசிய ஒருமைப்பாட்டு அங்கத்தில் போட்டுவிடலாம்" என்று சொல்லி, மஞ்சூர் என்று குத்தினார். முத்திரை ஈரம்கூடக் காயவில்லை, நாங்கள் படிக்கட்டில் பாய்ந்து இறங்கினோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று பழமொழி சொல்வார்கள். அதை நிஜமாகவே சோற்றை வைத்துச் செய்தவர்கள் நாங்கள்தான்!

ஒரே ஒரு கேள்வி

பிறகு நடந்தது தேங்காயில் தொடங்கிய கதை. மைக்கை அணைத்தார்கள். விளக்கை அணைத்தார்கள். இருட்டிலும் கூட்டம் "ச்சோர்" என்பதை நிறுத்தவில்லை. தேசிய ஒருமைப்பாடு அவ்வளவு பலமாக ஒலித்து நான் அதற்குப் பிறகும் கேட்டதில்லை.

மறுநாள் மூன்று பேரின் ஹால் டிக்கெட்டையும் நிறுத்திவைத்தார்கள். கடைசி வருடம். பரீட்சைக்கு நாள் நெருங்கிவிட்டது. சேர்மனைத் திருடன் என்று சொன்னோம், மன்னிக்கவும் என்று எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம் என்றார்கள். எழுதிக் கொடுத்தால் அதையே காரணமாக வைத்து வெளியே அனுப்பலாம் என்பது எங்களுக்கும் தெரியும். எழுத மறுத்தோம். அப்படியென்றால் அந்தத் தமிழ் வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று விசாரிப்போம், உன் தகப்பனாரை அழைத்து வா என்றார்கள்.

சந்தோஷமெல்லாம் வடிந்துவிட்டது. அப்பாவுக்கு முன்னால் "உன் மகள் வேண்டுமென்றேதான் பாடினாளா?" என்று யாராவது கேட்டால் போதும். அவர் பொய் சொல்ல மாட்டார். என்னோடு சேர்ந்து ஓம்காருக்கும் ரேணுவுக்கும் ஒரு வருடம் போய்விடும்.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் செய்தித்தாளை மடித்து வைத்தார்.

"நீ பாடினது என்ன வார்த்த?"

"கல்யாணச் சோறு."

"வேற வல்லதும் உண்டா?"

"இல்லப்பா."

"செரி. நான் வாறேன்."

எதற்காகப் பாடினாய் என்று அவர் கேட்கவில்லை. கேட்பார், கேட்பார் என்று மறுநாள் காலை வரை அவர் பின்னாலேயே சுற்றினேன். கேட்கவே இல்லை.

பாஸ்கர் சொன்ன சாட்சி

விசாரணை அறையில் சேர்மன், வைஸ் சார், அப்புறம் நாங்கள் எதிர்பார்க்காத ஓர் ஆள். பாஸ்கர் என்ற சென்னைக்காரர். சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை, விமான் நகரில் வீடு, வைஸ் சாருக்குத் தெரிந்தவரின் குடித்தனக்காரர். சுத்தமான தமிழ் தெரிந்தவர் என்று கூட்டி வந்திருந்தார்கள். பாவம், வெள்ளைச் சட்டையில் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வைஸ் சார் என் மராத்தி எழுத்தைக் காட்டினார். "இதோ, 'ச்சோ' என்றே எழுதியிருக்கிறாள். பாஸ்கர், உங்கள் பாஷையில் அரிசிச் சாப்பாட்டை எப்படிச் சொல்வீர்கள்?"

பாஸ்கர் என் அப்பாவைப் பார்த்தார். "ஸாரி அங்கிள். நாங்க 'ஸோறு'ன்னுதான் சொல்லுவோம்."

"பார்த்தீர்களா!" என்றார் சேர்மன். "ஸோறை வேண்டுமென்றே ச்சோர் ஆக்கியிருக்கிறாள்."

அப்பா எழுந்து நின்றார். சர்க்கார் ஆபீசில் எழுந்து நின்றே பேசிப் பழகியவர்.

"எங்க ஊரில ச்சோறுன்னுதான் சொல்லுவோம் சார்" என்றார், அவருடைய நாகர்கோவில் இந்தியில்.

"நீங்கள் ஒன்று சொல்கிறீர்கள், அவர் ஒன்று சொல்கிறார். சென்னைத் தமிழ்தானே சரியான தமிழ்?"

முடிந்தது என்று நினைத்தேன். ரேணு என் கையைப் பிடித்தாள். சில்லென்று இருந்தது.

அப்பா பாஸ்கர் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டார். "தம்பி, கல்யாண வீட்டில போடுகது என்ன சோறு? கல்யாணத்தையும் சோறையும் சேத்து, ஒங்க ஊரில சொல்லுக மாதிரியே சொல்லுங்க."

பாஸ்கர் யோசிக்கவே இல்லை. "கல்யாணச் சோறு."

 சென்னைக்காரர் வாயிலிருந்து அட்சரம் பிசகாமல் 'ச்சோறு' வந்து விழுந்திருந்தது. பாஸ்கரே கண்ணைச் சிமிட்டிக்கொண்டு, "கல்யாணச்... அட, ஆமா!" என்றார்.

"நடுவில ஒரு ஒற்று வரும் சார்" என்று அப்பா இந்தியில் விளக்கினார். "அது வந்தா எந்த ஊர்க்காரனுக்கும் ச்சோறுதான். எனக்க மக எழுதினது பிழை இல்ல. எழுதத் தெரியாதவ, ஆனா இலக்கணம் தப்பல." பிறகு சேர்மனைப் பார்த்து, விரலை மடக்கிக்கொண்டு, ஒவ்வொன்றாக, ஒன்றைவிட ஒன்று சத்தமாகச் சொன்னார். "வீட்டுச் சோறு. விருந்துச் சோறு. ஓசிச் சோறு!"

வராண்டாவில் கூடியிருந்த பையன்கள் "ச்சோர்" என்று பதில் கொடுத்தார்கள். வைஸ் சார் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினார்.

திரும்பி வந்து, நான் பயந்திருந்த அந்தக் கேள்வியைக் கேட்டே விட்டார். "இருக்கட்டும். உங்கள் மகள் என்ன நினைத்துப் பாடினாள்?"

"வார்த்தைக்கு அர்த்தம் கேட்டீங்க, சொல்லிட்டேன்" என்றார் அப்பா. "சோறுன்னு கேட்டதும் அத்தன பேருக்கும் திருடன் ஞாபகம் ஏன் வந்துதுன்னு எனக்குத் தெரியாது. அத அந்தப் பிள்ளைகள்ட்ட கேக்கணும். சேர்மன் சாருக்கு ஏன் வந்துதுன்னு அவருதான் சொல்லணும்."

சேர்மன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஹால் டிக்கெட்டுகள் அன்று மாலைக்குள் வந்துவிட்டன.

வீட்டுக்கு

ஸ்கூட்டரில் அப்பாவின் பின்னால் உட்கார்ந்து வந்தேன். மைதானத்தைத் தாண்டும்போது பந்தல் இருந்தது, வாசனையும் இருந்தது. மைதானம் எங்களுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவிடம் ஒன்றே ஒன்று கேட்கத் துடித்தேன். கால் நூற்றாண்டாகப் புனே மார்க்கெட்டில் காய்கறி வாங்குகிறவருக்கு ச்சோர் என்றால் என்ன என்று தெரியாதா? ஆனால் அவர் என்னிடம் கேட்காததற்கு நான் செய்யக்கூடிய மரியாதை, நானும் கேட்காமலிருப்பதுதான் என்று தோன்றியது.

அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். "என்னாச்சு? என்ன சொன்னிய? வல்லதும் எக்குத்தப்பா பேசிட்டியளா?" என்று அப்பாவைக் கண்ணாலேயே உலுக்கினாள்.

அப்பா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். சட்டைப் பொத்தானைத் தளர்த்திக்கொண்டார். அம்மாவின் பார்வைக்கு அவர் அன்று நிறுத்தவில்லை.

"இருவத்தஞ்சு வருசமா பெரிய எடத்துல இருக்கவனப் பாத்துச் சொல்லணும்னு தொண்டையில வச்சிருந்த வார்த்தய, இன்னிக்கு மொகத்துக்கு நேரா சொல்லியாச்சு. சத்தம் போட்டுச் சொல்லியாச்சு" என்றார். பிறகு மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பசிக்கி. ச்சோறு போடு."